நங்கூரத்தில் ஆறு நாட்கள்

என் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'அனிமல் வெல்ஃபேர் ஆபீசர்' என்று அச்சடித்திருந்தது. விலங்கு நல அதிகாரி. ஆஸ்திரேலியாவிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு உயிரோடு வரும் மாடுகளைக் கப்பலிலிருந்து இறங்கும்போது எண்ணுவேன். லோரியில் ஏற்றி டெங்கில் பக்கம் இருந்த அறுப்புக்கூடத்துக்குக் கூடவே போவேன். ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று எழுதி அனுப்புவேன். அவ்வளவுதான் வேலை.

இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு நாட்டில் மாடுகளைக் கயிற்றில் இழுத்துப் போட்டுக் கொடுமை செய்ததை யாரோ படம் பிடித்துவிட்டார்களாம். அதைப் பார்த்து அனுப்புகிற நாட்டு மக்கள் கொதித்துப் போனார்களாம். அதிலிருந்து, ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு டேக். அந்த மாடு எங்கே போனது, எங்கே அறுபட்டது என்று ஒரு கணக்கு. அதைக் கண்காணிக்க ஓர் ஆள். என்னிடம் கால்நடைப் பராமரிப்பில் டிப்ளோமா இருந்தது. கிள்ளானில் அப்பா பால் மாடு வைத்திருந்தவர். மாட்டைக் கண்டு பயப்படாதவன் என்பதால் கம்பெனி மேனேஜர் என்னை எடுத்துக்கொண்டார்.

ஒரு சிக்கலை மட்டும் அன்றைக்கு நான் சரியாக யோசிக்கவில்லை. இங்கே மாட்டை வாங்கும் கம்பெனி ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று நான் வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். எனக்குச் சம்பளம் தருவதோ அதே கம்பெனி.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தோம். மனைவி, பதினொரு வயது மகள், நான். மகளுக்கு முதுகெலும்பு வளைந்துகொண்டே போனது. மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பிளாஸ்டிக் கவசம் மாட்டி வைத்திருந்தார்கள். குளிக்க மட்டும்தான் கழற்றலாம். அது போதாது, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதிக்காகக் காத்திருந்தோம். எல்லாம் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டில். வேலையை விட்டால் கார்டு போய்விடும். வேறு வேலை கிடைத்தாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் புதுக் கார்டு உதவாது. இதை மேனேஜர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. "மக எப்படி இருக்கா தம்பி?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பார்.

முதல் கப்பலை மறக்க முடியாது. வெஸ்ட்போர்ட் கரையில் இறங்கி நடக்கும்போதே கண் எரிந்தது. மூத்திரமும் சாணியும் பல நாளாக வெந்து கிளப்பும் காற்று. உள்ளே தட்டுத் தட்டாக இரும்புக் கொட்டில்கள். நம் ஊர் வெயில் கொளுத்தும் மாதத்தில் அங்கே குளிர்காலம். குளிருக்கு வளர்த்த கெட்டி மயிரோடு அந்த மாடுகளை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, நாய் மாதிரி மூச்சிரைத்துக்கொண்டு நின்றன. அப்பாவின் மாடு எதுவும் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. படுக்க இடம் தேடி ஒன்று முன்காலை மடக்கும், பக்கத்து மாடு நகராது, மறுபடி எழுந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் அது நான்கு முறை அப்படிச் செய்தது.

அதை அப்படியே எழுதினேன். எழுதியதை மேனேஜருக்கு முதலில் அனுப்ப வேண்டும், இங்கிலீஷ் திருத்துவதற்காக. மறுநாள் அவர் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய தமிழர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கோபப்படவே மாட்டார்.

"தம்பி, கத எழுதுறீங்களா?"

"நடந்தத எழுதுனேன் பாஸ்."

"எல்லாம் எழுதக் கூடாது லா. கீழ கட்டம் இருக்குல்ல? 'அக்செப்டபல்'னு ஒரு டிக் போடுங்க. நாக்க தொங்க போட்டுச்சு, கால மடக்குச்சு, இதெல்லாம் எவன் படிப்பான்?"

'கடுமையாக மூச்சு வாங்கின' என்பது 'லேசான வெப்ப அறிகுறி' ஆயிற்று. எந்த வார்த்தை அவர் மேசையைத் தாண்டும், எது தாண்டாது என்று சில மாதங்களில் எனக்கே பழகிவிட்டது. பிறகு அவர் திருத்த வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

டெங்கில் அறுப்புக்கூடத்தில் நாலு பேர் அறுப்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு மலாய்க்காரர், எல்லாருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. என்னை 'டிக்' என்று தம்பியாகக் கூப்பிடுவார். என் அட்டையில் எழுதியிருந்த வேலையை உண்மையில் செய்தவர் அவர்தான். ஒரு மாடு அறுபடுவதை இன்னொரு மாடு பார்க்கக் கூடாது என்று தகரத் தடுப்பை அவரே கட்டினார். கத்தியை மாட்டின் கண்ணுக்கு முன்னால் எடுக்க மாட்டார். முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டுதான் கிட்டே போவார். "பயத்தோட சாகவிட்டா அந்தப் பாவம் என் கழுத்துல," என்பார் மலாயில். அவர் அறுத்தால் எனக்கு எழுத எதுவும் இருக்காது.

அங்கே மாட்டை அடைத்துப் பிடிக்க ஓர் இரும்புப் பெட்டி உண்டு. மாடு உள்ளே போனதும் பின்னால் கதவு மேலிருந்து இறங்கும். கழுத்தை ஓர் இரும்புச் சட்டம் பிடிக்கும், பெட்டி மெல்லச் சாயும். அந்தக் கதவு இறங்குகிற தண்டவாளம் வளைந்திருந்தது. நான் அதைக் குறித்திருந்தேன். 'சிறு பராமரிப்பு தேவை' என்று அது வெளிநாட்டுக்குப் போனது. யாரும் வந்து பார்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் அது நடந்தது. ஓட்டல்காரர்களுக்கும் சந்தைக்கும் முன்கூட்டியே இறைச்சி போக வேண்டும் என்று காலையிலிருந்து ஓயாத வேலை. பதினொரு மணி இருக்கும். ஒரு செந்நிறக் காளை பெட்டிக்குள் பாதி நுழைந்து, மிரண்டு நின்றது. கதவை இயக்கியவன் அவசரத்தில் விசையைத் தட்டிவிட்டான். கதவு அதன் இடுப்பின் மேல் இறங்கி, வளைந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முன்பாதி பெட்டிக்குள், பின்பாதி வெளியே. அது கத்தியது. பின்னால் சந்தில் வரிசையாக நின்ற மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்த்தன.

பாக்சிக் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "பின்னால இருக்கிறத எல்லாம் கொட்டிலுக்குத் திருப்புங்க. கதவ அறுத்து எடுங்க. ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்."

மேனேஜர் அன்றைக்கு அங்கேயே இருந்தார். வெளியே லோரிகள் நின்றன. "செயின் போட்டு முன்னால இழுங்க," என்றார்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி எனக்கு இருந்தது. நான் 'ஸ்டாப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே எவனும் கையை அசைக்கக் கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர், எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஆபீசர் என்ன சொல்றீங்க?"

முந்தின நாள்தான் மருத்துவமனையிலிருந்து அழைத்து, அடுத்த மாதம் தேதி கிடைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நினைத்தேனா, இல்லை பயந்துதான் நின்றேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையில் கிளிப்போர்டோடு நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது.

சங்கிலியை மாட்டி மோட்டாரைப் போட்டார்கள். காளை முன்னால் வந்தது. பின்னங்கால் வரவில்லை. முறிந்த சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பாக்சிக் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய், மோட்டாரை நிறுத்தி, அது கிடந்த இடத்திலேயே ஒரு கையால் அதன் கண்ணை மூடி, ஒரே இழுப்பில் முடித்தார். பிறகு கத்தியைக் கழுவி உறையில் போட்டார். வெளியே போகும் வழியில் என் முன்னால் நின்றார். முகத்தில் கோபம் இல்லை.

"பாத்துக்கிற ஆளு நீங்கதானே, டிக்?" என்றார்.

அன்று அவர் வேறு மாடு அறுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பினேன். உடம்பில் வாடை இருக்கிறதோ என்று பக்கத்து சீட்டில் யாரும் உட்காராதபடி கதவோரமே நின்றுகொண்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். மனைவிக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் சொன்னேன். மகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதப் போறீங்க?"

"நடந்தத."

அவள் டிவி பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதுங்க. ஆனா ஆபரேசன் முடிஞ்ச பெறகு அனுப்புங்களேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். "என்ன தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. நான் மனதுக்குள் வைத்திருந்ததைத்தான் அவள் சொன்னாள். எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்தேன். அனுப்பாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அறிக்கையை அவரே தயார் செய்திருந்தார். கப்பலில் வரும்போதே அந்தக் காளைக்குக் கால் அடிபட்டிருந்தது, அதன் வேதனையைப் போக்கவே உடனே அறுக்கப்பட்டது என்று இருந்தது. அடியில் என் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

"சைன் பண்ணிட்டுப் போய் மகளப் பாருங்க தம்பி. தேதி வந்துருச்சாமே?"

எனக்கே இன்னும் வராத செய்தி. இன்சூரன்ஸ் கடிதம் முதலில் கம்பெனிக்குத்தான் வரும் என்பதை மறந்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார். தாளை வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். பேனாவை எடுத்துவிட்டேன். கோட்டின் மேல் வைத்தும்விட்டேன். நான் சும்மா நின்றதற்கு ஏதாவது சமாதானம் தேடிக்கொள்ளலாம். இதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அந்தக் காலை முறித்தது நானே என்று ஆகிவிடும். பேனாவை வைத்துவிட்டு, மூன்று நாளாகக் கிடந்த என் அறிக்கையை அவருக்கு அனுப்பாமல் நேராக மாடு அனுப்புகிறவர்களின் வெளிநாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான் ஸ்டாப் சொல்லவில்லை என்பதையும் அதில் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். நிதானமாகப் பேசினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். இன்றிலிருந்து அந்த இடத்துக்கு எங்கள் மாடு போகாது என்றார். போனை வைத்ததும் எனக்கு உடம்பே லேசாகிப் போனது. மத்தியானம் வரை அப்படி இருந்தேன்.

மத்தியானம் மேனேஜர் வந்து என் மேசையோரம் நின்றார். அப்போதும் கத்தவில்லை.

"நல்ல காரியம் பண்ணீங்க. அடுத்த கப்பல் கடல்ல வந்துட்டு இருக்கு, தெரியும்ல? அத எங்க எறக்குறது? சொல்லுங்க, நீங்கதான ஆபீசர்."

நான் கப்பலை யோசித்திருக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு அனுமதி பெற்ற கூடம் அது ஒன்றுதான். அனுமதி இல்லாத இடத்துக்கு ஒரு மாடுகூடப் போகக் கூடாது. மாடுகளைக் காப்பாற்றப் போட்ட விதி அது. போகும் இடம் முடிவாகாமல் கரையில் இறக்கவும் கூடாது. கப்பல் வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது.

கப்பலிலிருந்து தினமும் எனக்கு ஓர் அறிக்கை வரும். எந்தத் தட்டில் எவ்வளவு வெப்பம், தீவனம் எத்தனை நாளுக்கு, எத்தனை மாடு செத்தது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் காற்று உள்ளே வரும். நிற்கும் கப்பலில் விசிறியை மட்டும் நம்ப வேண்டும். முதல் நாள் ஒன்று செத்தது. இரண்டாம் நாள் மூன்று. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என் அறிக்கையின் தேதியை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்றக் கம்பெனிகளிடம் இருந்த அனுமதி பெற்ற கூடங்களுக்கெல்லாம் போன் போட்டேன். பெருநாள் வேலை, இடமே இல்லை என்றார்கள். ஒருத்தர், "உங்க சண்டைக்கு எங்கள இழுக்காதீங்க பாஸ்," என்று வைத்துவிட்டார். மேனேஜர் ஒரு போன்கூடப் போடவில்லை. மற்றவர்களிடம், "நம்ம ஆபீசர் பாத்துக்குவார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் தஞ்சோங் ஹராப்பானுக்குப் போனேன். கடலோரம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் நிற்கும் கப்பல்களில் எது எங்களுடையது என்று அங்கிருந்து தெரியாது. ஆனாலும் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கவசத்தோடு குனிய முடியாமல் நேராக நின்றபடி கேட்டாள்.

"அப்பா, அதுலதான் மாடுங்க இருக்கா?"

"ஆமா மா."

"ஏன் உள்ள வரல?"

"எறக்க எடம் கெடைக்கல."

"அப்ப வீட்டுக்குத் திரும்பிப் போலாம்ல?"

"முடியாது மா. ஒருதடவ கப்பல் ஏறிட்டா அந்த ஊர்ல திரும்பச் சேத்துக்க மாட்டாங்க. நோய் கொண்டு வந்துரும்னு."

அவள் யோசித்தாள். "அப்ப அதுங்க எங்கயுமே போக முடியாதா?"

மனைவி அவளை ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் கூட்டிப் போனாள். எனக்கு வெயிலில் நிற்கவே முடியவில்லை. நிழலுக்குப் போகவும் மனம் வரவில்லை.

ஆறு நாளுக்குப் பிறகு அந்த வெளிநாட்டுப் பெண்தான் வழி செய்தார். வேறொரு இறக்குமதிக்காரரிடம் பேசி, செமினி பக்கம் அவருடைய கூடத்துக்கு மாடுகளை மாற்றினார். ஏழாம் நாள் காலை கப்பல் கரை தொட்டது. இறக்கும்போது நான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் மேனேஜரால் என்னை நிறுத்த முடியவில்லை.

உள்ளே போனேன். சாணி காய்ந்து மாடுகளின் வயிறு வரை பட்டையாக ஒட்டியிருந்தது. நிற்க முடிந்தவை நின்றன. காதருகே டேக்கைப் படிக்கும் கருவியைப் பிடித்தால் 'பீப்' என்று ஒரு சத்தம், ஓர் எண், அடுத்தது. கடைசித் தட்டிலிருந்து வந்த ஒரு கறுப்புக் காளை சரிவுப் பலகையின் நடுவில் நின்றுவிட்டது. கீழே வெளிச்சம், லோரிச் சத்தம், மனிதர்கள். அது மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. நகரவில்லை. பின்னால் ஒருவன் ஷாக் கொடுத்து விரட்டும் மின்கோலை எடுத்தான்.

"ஸ்டாப்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லாரும் நின்றார்கள். லோரிகளின் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். ஆட்களைப் பலகையின் பக்கத்திலிருந்து விலகச் சொன்னேன். லோரிக்காரர் ஒருத்தர், "அண்ணே, சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமா?" என்று கத்தினார். இருபது நிமிடம் போலக் காத்திருந்தோம். பிறகு யாரும் தொடாமல் அது ஓர் அடி வைத்தது, இன்னொன்று வைத்தது, கீழே இறங்கி வந்து தானாகவே லோரியில் ஏறியது. எங்கே போகும் லோரி என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கருவியை அதன் காதருகே கொண்டுபோனேன்.

என்னை வேலையிலிருந்து தூக்கவில்லை. தூக்கினால் வெளிநாட்டில் கேள்வி வரும் என்று மேனேஜருக்குப் புரிந்திருந்தது. தேதி கொடுத்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஆறு மாதத்தில் கவசம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். இனி போய்விடலாம் என்று ராஜினாமாக் கடிதமும் எழுதினேன். நான் போனால் என் இடத்துக்கு மேனேஜரின் மைத்துனர் வரப்போவதாக ஆபீசில் பேச்சு. பாக்சிக்கிடம் போய்க் கேட்டேன். புதுக் கதவு போட்டு, கூடத்துக்கு மறுபடி அனுமதி கிடைத்து, அவரும் திரும்பி வந்திருந்தார். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக்கொடுத்து, அவருடைய மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடிதம் பையிலேயே இருந்து கசங்கிப் போனது.

இப்போதும் அதே வேலைதான். அதன்பின் நாலு தடவை வேலையை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு மாட்டுக்காக நிறுத்தினால் வெளியே லோரிகளில் மற்ற மாடுகள் காத்து நிற்கும். அங்கே கூரை கிடையாது. ஸ்டாப் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்கிறேன், வெயிலில் எத்தனை லோரி நிற்கிறது என்று.